நண்பர்களோடு ஆடும் கார்டு ஆட்டத்தில் எந்தக் கார்டுகளைத் தவிர்க்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேஜிக்: த கேதரிங், யு-கி-ஓ, போகிமான் போன்ற ஆட்டங்களைப் பரிசுக்காக இல்லாமல் பொழுதுபோக்காக ஆடுபவர்களுக்காக எழுதியது இது. போட்டியில் உட்கார்ந்தால் விதி அனுமதிக்கும் எதையும் ஆடலாம், ஆடவும் வேண்டும். அங்கே இந்தப் பேச்சுக்கே இடமில்லை. நண்பர்கள் கூடும் மேசையில்தான் சிக்கல் வருகிறது. பெரும்பாலான உதாரணங்கள் மேஜிக்கின் கமாண்டர் வகையிலிருந்து வரும். ஒருவருக்கு 100 கார்டு கொண்ட கட்டு (டெக்), 40 உயிர், அடிப்படை லேண்டைத் (மற்ற கார்டுகளைப் போடச் செலவாகும் மானாவைத் தருவது) தவிர எந்தக் கார்டும் ஒன்றுக்கு மேல் கூடாது, வழக்கமாக நான்கு பேர். இந்தக் கேள்வி அதிகம் எழுவது அங்கேதான்.

பலமான கார்டும் எரிச்சலூட்டும் கார்டும் ஒன்றுதானே?

இல்லை. இந்தக் குழப்பம் தீர்ந்தாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

க்ரேட்டர்ஹூஃப் பெஹிமோத் என்ற கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். 8 மானா. அது வந்ததும் உங்கள் க்ரீச்சர்கள் (சண்டையிடும் உயிரினக் கார்டுகள்) அனைத்தும், உங்களிடம் எத்தனை க்ரீச்சர் இருக்கிறதோ அத்தனை அளவு வீங்கி, டிராம்பிளும் (தடுப்பவரை மீறி மிச்ச அடி எதிராளிக்கே போகும் திறன்) பெற்று அடிக்கும். பெரும்பாலும் அந்த டர்னிலேயே ஆட்டம் முடியும். பயங்கர பலம். ஆனாலும் தோற்றவர்கள் சிரித்துக்கொண்டே அடுத்த ஆட்டத்துக்கு ஷஃபிள் செய்வார்கள்.

இப்போது விண்டர் ஆர்ப். வெறும் 2 மானா. யாரையும் அடிக்காது, எதையும் அழிக்காது. ஒவ்வொருவரும் தன் டர்னில் ஒரே ஒரு லேண்டைத்தான் அன்டேப் செய்யலாம் (பயன்படுத்திச் சாய்த்ததை மறுபடி நிமிர்த்தித் தயாராக்கலாம்) என்று மட்டும் சொல்லும். அதைப் போட்டவர் டெக்கில் லேண்டை நம்பாத மானா வழிகள் இருக்கும், அவர் தப்பித்துக்கொள்வார். மற்ற மூவரும் ஒரு மானாவை வைத்துக்கொண்டு கையிலிருக்கும் கார்டுகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் கார்டால் யாரும் ஜெயிக்கவில்லை, ஆட்டமும் முடியவில்லை.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இந்தக் கார்டு விழுந்த பிறகு மற்றவர்களுக்குத் தங்கள் டர்னில் செய்ய ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அது எவ்வளவு பலமானதாக இருந்தாலும் பேசித் தீர்க்கலாம். இல்லையென்றால், எவ்வளவு பலவீனமாக இருந்தாலும் நண்பர்கள் மேசைக்கு அது வேண்டாம். ஆட்டத்தை முடிக்கும் கார்டைவிட, ஆட்டத்தை முடிக்காமல் நிறுத்திவைக்கும் கார்டுதான் மோசம்.

அப்படியானால் எந்தெந்த வகைக் கார்டுகளில் கவனம் வேண்டும்?

முதலில் முடக்கும் கார்டுகள். விண்டர் ஆர்ப், ஸ்டேசிஸ் (யாருமே அன்டேப் செய்ய முடியாது) எல்லாம் 1993-லிருந்தே இருப்பவை. அதே குடும்பத்தில்தான் ஆர்மகெடானும் வரும். 4 மானா கட்டினால் மேசையிலுள்ள லேண்ட் மொத்தமும் போய்விடும். ஏற்கெனவே பெரிய படை வைத்திருப்பவர் அதைப் போட்டு அடுத்த இரண்டு டர்னில் முடித்தால் அதில் நியாயம் உண்டு. ஒன்றும் இல்லாதவர், ‘என்ன ஆகிறது பார்ப்போம்’ என்று போட்டால் எல்லோரும் முதல் டர்னுக்கே திரும்ப வேண்டும். அதுவரை ஆடிய முக்கால் மணி நேரமும் வீண்.

அடுத்தது தொடர் டர்ன். கூடுதலாக ஒரு டர்ன் எடுப்பது பரவாயில்லை. ஐந்து மானாவுக்கு டைம் வார்ப் போட்டு ஒரு டர்ன் வாங்குவதில் யாருக்கும் வருத்தம் இருக்காது. அந்த டைம் வார்ப்பையே க்ரேவ்யார்டிலிருந்து (ஆடித் தீர்ந்த கார்டுகளின் குவியல்) திரும்பத் திரும்ப எடுத்துப் போட்டால், மற்றவர்கள் போனை எடுத்துப் பார்க்கத் தொடங்குவார்கள்.

எதிராளியின் பொருளைப் பறிக்கும் கார்டுகளை அளவோடு வைத்தால் வேடிக்கையாக இருக்கும். ஆனால் டெர்கிரிட் போன்ற கமாண்டர் (டெக்கின் தலைமைக் கார்டு) அப்படியில்லை. மற்றவர்கள் டிஸ்கார்ட் செய்வதும் (கையிலிருந்து எறிவது) சாக்ரிஃபைஸ் செய்வதும் (மேசையிலிருந்து பலி கொடுப்பது) இவர் பக்கம் வந்துவிடும். நீங்கள் யோசித்துச் சேர்த்த கார்டுகளே உங்களை அடிக்கின்றன, உங்கள் கையோ காலி.

டியூட்டர்களைப் பற்றி யாரும் அதிகம் குறை சொல்வதில்லை. எனக்கு அவைதான் உறுத்தும். 2 மானாவுக்கு டிமானிக் டியூட்டர் போட்டு டெக்கிலிருந்து வேண்டிய கார்டைத் தேடி எடுக்கலாம். அப்படி ஐந்தாறு இருந்துவிட்டால், 100 வெவ்வேறு கார்டு வைத்ததற்கே அர்த்தம் இல்லை. ஒவ்வொரு ஆட்டமும் ஒரே இடத்தில்தான் போய் முடியும்.

ரிஸ்டிக் ஸ்டடியில் அப்படி என்ன இருக்கிறது? ஒரு கார்டுதானே எடுக்கிறார்கள்?

மேசையில் அது இருக்கும்போது என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். 3 மானா கார்டு அது. எதிராளி ஒரு ஸ்பெல் (லேண்ட் அல்லாத எந்தக் கார்டும்) போடும் ஒவ்வொரு முறையும், அவர் கூடுதலாக 1 மானா கட்டாவிட்டால் நீங்கள் ஒரு கார்டு எடுக்கலாம்.

எதிரே இருப்பவர் மூன்றாவது டர்னில் மூன்று மானாவுக்கு ஒரு க்ரீச்சர் போடுகிறார். ‘ஒண்ணு கட்டுறியா?’ அவரிடம் மிச்சம் இல்லை. ஒரு கார்டு. அடுத்தவர் இரண்டு சின்ன ஸ்பெல் போடுகிறார். ‘கட்டுறியா?’ ‘இல்ல.’ ‘இதுக்கு?’ ‘இதுக்கும் இல்ல.’ இரண்டு கார்டு. மூன்றாமவர் கட்டிவிடுகிறார், ஆனால் அவர் போட நினைத்த பெரிய கார்டு ஒரு டர்ன் தள்ளிப்போகிறது. ஒரு சுற்று முடிவதற்குள் உரிமையாளர் கையில் மூன்று கார்டு கூடியிருக்கும், அதே கேள்வியை நான்கு முறை கேட்டிருப்பார். இடையில் ஒருமுறை கேட்க மறந்திருந்தால், ‘எடுத்திருக்கணுமே, எடுக்கலாமா?’ என்று ஒரு வாக்குவாதமும் நடந்திருக்கும்.

இதன் பலம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒவ்வொருவரின் ஒவ்வொரு செயலையும் நிறுத்தி ஒரு கேள்வி கேட்கிறது பாருங்கள், அதுதான் ஆட்டத்தின் ஓட்டத்தைக் கெடுக்கிறது. எல்லோரும் எல்லா முறையும் கட்டினால் மட்டுமே இதைச் சமாளிக்க முடியும். ஒருவர் கட்டாமல் விட்டாலும் மற்ற இருவர் கட்டியது வீணாகும். அதனால் எதிராளிகளுக்குள்ளேயே சண்டை வரும்.

ஸ்மதரிங் டைத்தும் இதே மாதிரிதான், இன்னும் கொடூரம். எதிராளி கார்டு எடுக்கும்போதெல்லாம் 2 மானா கட்ட வேண்டும், கட்டாவிட்டால் உங்களுக்கு ஒரு ட்ரெஷர் (ஒருமுறை ஒரு மானா தரும் டோக்கன்). கூடவே எல்லோரும் கையை எறிந்துவிட்டு ஏழு கார்டு எடுக்கும் வீல் ஆஃப் ஃபார்ச்சூன் விழுந்தால், மூன்று எதிராளிகள் எடுக்கும் 21 கார்டுக்கு 21 ட்ரெஷர் வரை வரும். அதன் பிறகு ஆட்டம் நடப்பது வெறும் சம்பிரதாயம்.

சைக்ளோனிக் ரிஃப்டைத் தவிர்க்கத்தான் வேண்டுமா? அதில் இரண்டு விதமாகப் போடலாமே?

2 மானாவுக்குப் போட்டு ஒரே ஒரு பொருளை அதன் உரிமையாளர் கைக்கு அனுப்பினால் யாருக்கும் பிரச்சினையில்லை. 7 மானா கட்டி எதிராளிகளின் லேண்ட் தவிர மற்ற எல்லாவற்றையும் திருப்பி அனுப்புவதுதான் பேச்சு. உங்கள் பொருள் ஒன்றும் அசையாது.

இங்கே கார்டைவிட அதைப் போடும் தருணம் முக்கியம். உங்கள் டர்னுக்கு முந்தைய டர்னின் முடிவில் போட்டு, உங்கள் டர்னில் எல்லோரையும் அடித்து முடித்தால் அது நல்ல முடிவு. தோற்கப்போகிறோம் என்ற பயத்தில் போட்டு, அதன் பிறகும் ஜெயிக்க வழியில்லாமல் இருந்தால் மூன்று பேரும் அரைமணி நேரம் அதே கார்டுகளை மறுபடி மேசையில் வைக்க வேண்டும். வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று: ஜெயிக்கும்போது மட்டும் போடுங்கள்.

கவுண்டர்ஸ்பெல் (போடும் கார்டை ரத்து செய்வது), போர்டு வைப் (மேசையைத் துடைத்தெடுப்பது) இதெல்லாமும் எரிச்சல்தானே? ஏன் அவற்றைத் தடை செய்யக்கூடாது?

தயவுசெய்து செய்யாதீர்கள். புதிதாக ஆடுபவர்கள் முதலில் வெறுப்பது இவற்றைத்தான். ஆசையாக வைத்த டிராகன் மேசைக்கு வரும் முன்பே போய்விட்டால் வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் பதில் சொல்லும் கார்டுகளே இல்லாத மேசையில் முதலில் பெரிதாக வளர்ந்தவர்தான் ஒவ்வொரு முறையும் ஜெயிப்பார். மற்றவர்கள் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

ராத் ஆஃப் காட் 4 மானாவுக்கு எல்லா க்ரீச்சரையும் அழிக்கும், போட்டவருடையதையும் சேர்த்து. லேண்ட் எல்லாம் அப்படியே இருப்பதால் அடுத்த டர்னிலேயே எல்லோரும் படையைத் திரும்பச் சேர்க்கலாம். ஆர்மகெடானுக்கும் இதற்கும் விலை ஒன்றுதான், விளைவில்தான் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

அளவு மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். டெக்கில் நான்கைந்து கவுண்டர்ஸ்பெல் இருந்தால் பாதுகாப்பு. முப்பது இருந்தால், அடுத்தவர் எதையும் ஆடக்கூடாது என்று முடிவு செய்துவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று பொருள்.

முடிவில்லா காம்போ (சேர்ந்தால் ஓயாமல் ஓடி ஆட்டத்தை முடிக்கும் கார்டுகள்) வைக்கலாமா?

மேசையில் கண்ணுக்குத் தெரியும்படி மூன்று நான்கு துண்டுகளாகச் சேரும் காம்போ என்றால் வையுங்கள். எதிராளிகள் ஒரு துண்டை உடைக்க வாய்ப்பு இருக்கிறது, அந்தப் பதற்றம் நன்றாகவே இருக்கும்.

தாசாஸ் ஆரக்கிளும் டிமானிக் கன்சல்டேஷனும் சேர்வது வேறு கதை. இரண்டும் சேர்ந்து 3 மானா. ஒன்று உங்கள் டெக் முழுவதையும் ஆட்டத்தைவிட்டே வெளியேற்றும், மற்றொன்று ‘டெக் காலியா? நீதான் ஜெயித்தாய்’ என்று சொல்லும். யார் யாரை அடித்தார்கள், யார் உயிர் எவ்வளவு, யார் யாரோடு கூட்டுச் சேர்ந்தார்கள் என்பதற்கும் அந்த வெற்றிக்கும் சம்பந்தமே கிடையாது. ஒரு மணி நேரம் ஆடிய ஆட்டத்தை அது அழித்துவிடுகிறது. அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

சோல் ரிங்கும் அநியாய பலம்தானே? அதை மட்டும் ஏன் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்?

நியாயமான கேள்வி. 1 மானாவுக்குப் போட்டால் ஒவ்வொரு டர்னும் 2 மானா தரும். முதல் டர்னில் விழுந்தால் அவர் மற்றவர்களைவிட இரண்டு டர்ன் முன்னே ஓடுகிறார். ஆனால் 2011-ல் கமாண்டருக்கென்று ஆயத்த டெக்குகள் வரத் தொடங்கியதிலிருந்து ஏறக்குறைய எல்லாவற்றிலும் இது இருக்கிறது. அதனால் எல்லோரிடமும் உண்டு. நான்கு பேர் ஆட்டத்தில் முன்னே ஓடுபவரை மற்ற மூவரும் சேர்ந்து கவனித்துக்கொள்வார்கள் என்பதும் ஒரு சமாதானம்.

இருவர் மட்டும் ஆடும்போது அந்தச் சமாதானம் நிற்காது, எடுத்துவிடுங்கள். நான்கு பேர் குழுவில் எல்லோரும் ஒன்றாக எடுக்கச் சம்மதித்தால் முதல் சில டர்ன்கள் நிச்சயம் நன்றாக அமையும். ஒருவர் மட்டும் எடுப்பதில் பயனில்லை.

அதிகாரப்பூர்வத் தடைப்பட்டியல் இருக்கிறதே, அது போதாதா?

போதாது. எந்தப் பட்டியலும் உங்கள் மேசையைப் பார்த்து எழுதியதில்லை. விண்டர் ஆர்ப், ஆர்மகெடான் இரண்டுமே கமாண்டரில் அனுமதிக்கப்பட்டவைதான்.

பட்டியலை மாற்றுவதும் எளிதல்ல. அப்போது கமாண்டர் விதிகளைக் கவனித்துவந்த தன்னார்வக் குழு 2024 செப்டம்பர் 23 அன்று மானா க்ரிப்ட், ஜுவல்டு லோட்டஸ், டாக்சைட் எக்ஸ்டார்ஷனிஸ்ட், ‘நாடு’ (Nadu) ஆகிய நான்கு கார்டுகளையும் தடை செய்தது. விலை உயர்ந்த கார்டுகளை இழந்த கோபத்தில் குழுவினருக்கு மிரட்டல்கள் வந்தன. அந்த மாதம் முடிவதற்குள் பொறுப்பு மேஜிக்கை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனத்திடம் போனது. ஒரு கார்டு ஆட்டத்துக்காக மனிதர்களை மிரட்டியது வெட்கக்கேடு, அதை அப்படித்தான் சொல்ல வேண்டும்.

ப்ராக்கெட், கேம் சேஞ்சர் என்கிறார்களே, அது என்ன?

2025 பிப்ரவரியில் அந்த நிறுவனம் சோதனை முறையில் அறிமுகப்படுத்திய, டெக்கின் பலத்தைச் சொல்லும் பிரிவுகள்தான் ப்ராக்கெட். எக்ஸிபிஷன், கோர், அப்கிரேடட், ஆப்டிமைஸ்டு, போட்டித்தர கமாண்டர் என ஐந்து. கூடவே ‘கேம் சேஞ்சர்’ என்று, ஆட்டத்தையே திருப்பிவிடும் கார்டுகளின் பட்டியல். ரிஸ்டிக் ஸ்டடி, ஸ்மதரிங் டைத், சைக்ளோனிக் ரிஃப்ட், டிமானிக் டியூட்டர், தாசாஸ் ஆரக்கிள் எல்லாம் அதில் உண்டு. முதல் இரண்டு பிரிவில் அவை கூடாது, மூன்றாவதில் மூன்று வரை வைக்கலாம், அதற்கு மேலே கட்டுப்பாடு இல்லை. முதல் மூன்று பிரிவிலும் லேண்டை மொத்தமாக அழிப்பதும் தொடர் டர்னும் கூடாது. பட்டியல் அவ்வப்போது மாறும், அதனால் ஆடுவதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிமுகமில்லாதவர்களோடு ஆட இது நல்ல தொடக்கம். ஆனால் ஒரு கேம் சேஞ்சர்கூட இல்லாமல் மேசையை முடக்கும் டெக்கைக் கட்டிவிடலாம்.

ஆட்டத்துக்கு முன்பு என்ன பேசிக்கொள்வது?

‘என் டெக் பத்துக்கு ஏழு’ என்று சொல்வதில் பயனில்லை, எல்லோருமே ஏழுதான் சொல்கிறார்கள். கீழே உள்ள மாதிரி கேளுங்கள், பதில் தெளிவாக வரும்:

- யாரும் தடுக்காவிட்டால் உன் டெக் எத்தனையாவது டர்னில் ஜெயிக்கும்?
- எப்படி ஜெயிக்கும்? அடித்தா, காம்போவா?
- நாங்கள் லேண்டை அன்டேப் செய்வதையோ ஸ்பெல் போடுவதையோ தடுக்கும் கார்டு ஏதாவது இருக்கிறதா?

மூன்றாவதைக் கேட்கத்தான் எல்லோரும் கூச்சப்படுவார்கள். கேட்டுவிடுங்கள்.

நண்பன் ஒருவன் எப்போதும் அப்படிப்பட்ட டெக்கையே கொண்டுவருகிறான். எப்படிச் சொல்வது?

ஆட்டம் நடக்கும்போது சொல்லாதீர்கள், தோற்ற கடுப்பில் பேசுவதாகத்தான் படும். எல்லாம் எடுத்துவைத்த பிறகு, தனியாக இருக்கும்போது பேசுங்கள். ‘உன் டெக் ரொம்ப ஓவர்டா’ என்றால் அவனுக்கு ஒன்றும் புரியாது, தன் டெக்கைக் காப்பாற்றத்தான் தோன்றும். என்ன நடந்தது என்று சொல்லுங்கள்: ‘நாலாவது டர்ன்ல விண்டர் ஆர்ப் வந்துச்சு, அதுக்கப்புறம் நான் ரெண்டே கார்டுதான் போட்டேன். அந்த ஒண்ண மட்டும் எடுத்துட்டு ஆடிப் பாப்போமா?’

பல நேரம் அவனுக்குத் தெரிந்தே இருக்காது. முடக்கும் டெக்கை ஓட்டுபவருக்கு ஒவ்வொரு டர்னிலும் செய்ய நிறைய வேலை இருக்கும், அவருக்கு அந்த ஆட்டம் விறுவிறுப்பாகவே போகும். மற்றவர்கள் சும்மா இருப்பது அவர் கண்ணில் படாது. தெரிந்தும் ரசித்துச் செய்பவர் என்றால், அவரைப் போலவே ஆடும் இன்னும் மூன்று பேரைத் தேடிக்கொள்ளச் சொல்லுங்கள். அதில் தப்பொன்றும் இல்லை. அந்த விதமாக ஆட விரும்புபவர்களும் இருக்கிறார்கள்.

விற்பனைக்கு வந்த கார்டுதானே? செய்தவர்களே சோதித்துத்தானே வெளியிடுகிறார்கள்?

சோதிப்பார்கள்தான், ஆனாலும் தப்பிவிடுகின்றன. ஓகோ என்ற 3 மானா கார்டு 2019 அக்டோபரில் வந்தது, நவம்பரிலேயே ஸ்டாண்டர்ட் (அண்மைக் கார்டுகளை மட்டும் வைத்து ஆடும்) வகையில் தடையானது. யாருடைய க்ரீச்சரையும் எந்தத் திறனும் இல்லாத 3/3 (தாக்குதல் 3, தாங்கும் வலு 3) எல்க், அதாவது ஒரு வகைக் காட்டு மான், ஆக அது மாற்றிவிடும். நீங்கள் டெக் முழுவதையும் எதைச் சுற்றிக் கட்டினீர்களோ அது வெறும் எல்க் ஆகி நின்றுகொண்டிருக்கும். வெறும் பலத்தைத் தாண்டிய கடுப்பு அது.

யு-கி-ஓவில் எப்படி?

அங்கே மிக மோசமான உதாரணம் யாட்டா-கராசு. தாக்குதல் வெறும் 200. ஆனால் அது அடித்தால் எதிராளி அடுத்த டர்னில் கார்டு எடுக்க முடியாது. எதிராளியின் கையும் களமும் காலியாக இருக்கும்போது விழுந்தால் கதை முடிந்தது. எடுக்கவே முடியாதவர் எதைப் போடுவார்? எதிராளியின் 8000 உயிர்ப் புள்ளியை இது மட்டுமே தீர்ப்பதென்றால் 40 அடி. தோல்வி உறுதியான பிறகும் நாற்பது டர்ன் உட்கார்ந்திருக்க வேண்டும்!

மிஸ்டிக் மைன் போன்ற தடுப்புக் கார்டுகளும் அப்படித்தான். யாரிடம் மான்ஸ்டர் அதிகமோ அவர் அடிக்கவும் முடியாது, மான்ஸ்டரின் திறனைப் பயன்படுத்தவும் முடியாது. அதைப் போட்டவர் மான்ஸ்டரே வைக்காமல் காத்திருப்பார். நண்பர்களோடு ஆடும்போது இந்த வகையை முழுவதுமாக ஒதுக்குங்கள்.

பாட் ஆஃப் க்ரீட் இதற்கு நேர்மாறு. எந்தச் செலவும் இல்லாமல் இரண்டு கார்டு எடுக்கலாம், அதனால்தான் நெடுங்காலமாகத் தடைப்பட்டியலில் இருக்கிறது. ஆனால் 2005-ம் ஆண்டுப் பட்டியலை அப்படியே வைத்து ஆடும் ‘கோட் ஃபார்மட்’டில் ஆளுக்கு ஒன்று அனுமதி. எல்லோரிடமும் ஒன்றே ஒன்று இருக்கும், யாரையும் முடக்காது. ஆட்டமும் இன்றைய யு-கி-ஓவைவிட நிதானமாகப் போகும். இன்றைய நீண்ட டர்ன்களால் சலித்தவர்கள் இதை அவசியம் முயன்று பாருங்கள்.

போகிமானில்?

சிக்கல் குறைவு. ஆனாலும் சீஸ்மிடோட்-ஈஎக்ஸ் மாதிரி, அடித்த பிறகு எதிராளியை ஐட்டம் கார்டே (உதவிக் கார்டுகள்) போடவிடாமல் செய்பவை இருக்கின்றன. குழந்தைகளோடு ஆடும்போது கண்டிப்பாக வேண்டாம். லைசாண்டர்ஸ் ட்ரம்ப் கார்டு இரண்டு பேரின் டிஸ்கார்டையும் டெக்குக்குத் திருப்பி அனுப்பும். டெக் தீரவே தீராமல் ஆட்டங்கள் நீண்டதால் 2015-ல் தடை செய்தார்கள்.

விலை உயர்ந்த கார்டு எல்லாம் அநியாயக் கார்டா?

இல்லை. விலைக்கும் இதற்கும் தொடர்பு குறைவு. மலிவான கார்டுகளை மட்டும் வைத்தே மேசையை முடக்கலாம். பணம்தான் இடைவெளி என்றால் ப்ராக்ஸி (அசலுக்குப் பதிலான நகல் கார்டு) அச்சிட்டு ஆட எல்லோரும் சம்மதியுங்கள். ஆனால் ப்ராக்ஸி அனுமதித்ததும் எல்லோரும் உச்சபலக் கார்டுகளைத்தான் அச்சிடுவார்கள், அதையும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள்.

எடுத்துவிட்டால் அந்த இடத்தில் எதை வைப்பது?

அதே வேலையை அடுத்தவரைத் தொந்தரவு செய்யாமல் செய்யும் கார்டு எப்போதும் இருக்கும். ரிஸ்டிக் ஸ்டடிக்குப் பதிலாக, கறுப்பு நிற மானாவில் ஓடும் டெக்காக இருந்தால் ஃபைரெக்சியன் அரீனா: ஒவ்வொரு டர்னும் ஒரு கார்டு கூடுதல், ஒரு உயிர் குறையும், யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆர்மகெடானுக்கு ராத் ஆஃப் காட். சைக்ளோனிக் ரிஃப்டுக்கு எவாக்குவேஷன், எல்லாருடைய க்ரீச்சரும் கைக்குத் திரும்பும், உங்களுடையதும்தான். டியூட்டர்களை எடுத்த இடத்தில் கார்டு எடுக்கும் ஸ்பெல்களை வையுங்கள். டெக்கில் இருப்பதே தெரியாமல் கிடந்த கார்டுகள் எல்லாம் வெளியே வரும்.

எடுத்த கார்டுகள் வீணாகக் கிடக்கின்றனவே?

விற்க மனமில்லையென்றால் க்யூபில் சேருங்கள். க்யூப் என்பது நீங்களே தொகுத்த கார்டுக் கட்டு. ஆட வருபவர்கள் எல்லோரும் அதிலிருந்து மாறி மாறிப் பொறுக்கி, அங்கேயே டெக் கட்டி ஆடுவார்கள். சைக்ளோனிக் ரிஃப்டோ டிமானிக் டியூட்டரோ யார் கைக்கு வேண்டுமானாலும் வரலாம் என்பதால் யாருக்கும் மனக்குறை இருக்காது. 15 கார்டு வீதம் ஆளுக்கு மூன்று பாக்கெட் என்று கணக்கிட்டால் எட்டு பேருக்கு 360, நான்கு பேருக்கு 180 கார்டு போதும். விண்டர் ஆர்பையும் ஸ்டேசிஸையும் மட்டும் அதிலும் சேர்க்காதீர்கள்.